பட்டத்துக்கும் பதவிக்கும் இடையில்: பல்கலைக் கழக ஆராய்ச்சிப் பதவிகளின் வரலாறு

கல்வி வரலாற்றை எழுதுவோர் கல்லூரிகள் தோன்றிய காலத்தையும், பட்டங்கள் வகுக்கப்பெற்ற முறையையும், பேராசிரியர்களின் பெருமையையும் விரித்துரைப்பது வழக்கம். கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்ட ஒருவர் விரிவுரையாளர் பதவியையேனும் அடையுமுன் கழிக்கும் சில ஆண்டுகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனினும், கடந்த நூறாண்டுகளில் விஞ்ஞான உலகில் நிகழ்ந்த பெருங் கண்டுபிடிப்புகள் பல இவ்விடைக்காலத்திலேயே வித்திடப்பட்டன. மாணவர் என்று சொல்லுதற்கும் இயலாமல், ஆசிரியர் என்று சொல்லுதற்கும் இயலாமல் நடுவே நின்று ஆராய்ச்சி செய்யும் இவர்களைப் பின்கலாநிதி ஆய்வாளர் என வழங்குதல் பொருந்தும். இவர்தம் பதவி எங்ஙனம் தோன்றியது, பல்கலைக் கழகத்தின் பல்வேறு துறைகளிலும் எங்ஙனம் பரவியது, அதனால் அறிவுக்கு விளைந்த ஆக்கம் யாது, அப்பதவியை வகித்தோர்க்கு விளைந்த அல்லல் யாது என்பன ஆராய்தற்குரியன.

பால்ரிமோரில் இட்ட வித்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பால்ரிமோர் நகரத்து வணிகரான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்பார் 1873ஆம் ஆண்டில் காலமானபோது, எழுபது இலட்சம் டொலரை ஒரு பல்கலைக் கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக விட்டுச் சென்றார். அந்நிதியைக் கொண்டு எழுந்த பல்கலைக் கழகத்தின் முதலாவது தலைவராக டானியல் கொயிற் கில்மன் 1876ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆம் நாள் பதவியேற்றார். பெரிய கட்டடங்களை எழுப்புவதிலும் பார்க்க, சிறந்த மனிதரைத் தேடிச் சேர்ப்பதே முதற்கடமை என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கேற்ப அவர் வகுத்த ஏற்பாடுகளுள் ஒன்று, ஆண்டொன்றுக்கு 500 டொலர் வீதம் 20 ஆராய்ச்சிப் புலமைப் பரிசில்களை வழங்குவதாகும்.

அக்காலத்தில் உதவிச் சம்பளம் என்பது ஏழை மாணவனின் வறுமையைத் தீர்க்கும் தருமமாகவே கருதப்பட்டது. கில்மனோ அதனை ஆற்றலுக்குரிய மதிப்பாக மாற்றினார். பரிசில் பெற்றோர் ஒரே துறையைச் சேர்ந்தவரல்லர். யோசையா றொய்ஸ் மெய்யியலிலும், ஹென்றி காட்டர் அடம்ஸ் பொருளியலிலும், வால்டர் ஹைன்ஸ் பேஜ் கிரேக்க மொழியிலும், ஜோர்ஜ் புரூஸ் ஹால்ஸ்டெட் கணிதத்திலும் ஈடுபட்டனர். அவர்களுட் சிலர் ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தனர். ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் பல்கலைக் கழகத்தில் அப்பட்டம் பெற்றுத் திரும்பிய ஹேபட் பக்ஸ்டர் அடம்ஸ் வரலாற்றுத் துறையில் இப்பரிசிலைப் பெற்றார். எனவே, பின்கலாநிதிப் பதவியின் தொடக்கத்தைப் பால்ரிமோரிற் காண்பது தவறாகாது. அது தொடக்கத்திலேயே விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் பொதுவாயிருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வேற்பாட்டின் சிறப்போடு அதன் சிக்கலும் விரைவில் வெளிப்பட்டது. லைப்சிக் நகரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கொன்ஸ்தாந்தின் பால்பேர்க் என்பவர், ஹொப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் இரசாயனப் பேராசிரியர் ஐறா றெம்சனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். ஒருநாள் உணவுண்ணும்போது தம் கையில் ஒட்டியிருந்த ஏதோவொரு பொருள் மிக்க இனிப்புடையதாயிருப்பதை அவர் உணர்ந்தார். அப்பொருளே சக்கரீன். 1879இல் றெம்சனும் பால்பேர்க்கும் அது பற்றிய ஆராய்ச்சியை இருவர் பெயராலும் வெளியிட்டனர். ஆயின், சில ஆண்டுகள் சென்றபின் பால்பேர்க் தம் பெயரால் மட்டும் காப்புரிமை பெற்று, ஜேர்மனியில் ஆலை நிறுவிப் பெரும் பொருள் ஈட்டினார். றெம்சன் அதனை மன்னிக்கவில்லை. ஆய்வுகூடமும் ஆராய்ச்சியின் போக்கும் ஆசிரியருடையவை. கையும் கண்ணும் நாவும் இளைஞருடையவை. இந்நிலையில் கண்டுபிடிப்பு யாருக்கு உரியது? அன்று எழுந்த இவ்வினா இன்றும் முற்றாகத் தீரவில்லை.

ஜேர்மனியும் இங்கிலாந்தும்

கில்மன் தம் பல்கலைக் கழகத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டது ஜேர்மானியப் பல்கலைக் கழகங்களையாகும். அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றவர் மேலுமொரு பெரிய ஆய்வேட்டை அளித்துப் போதிக்கும் உரிமையைப் பெறுதல் வேண்டும். அவ்வுரிமை பெற்றவர் 'பிரிவாற் டொசென்ற்' எனப்படுவர். அவருக்கு அரசாங்கச் சம்பளம் இல்லை. விரிவுரை கேட்கும் மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். ஆகவே, தந்தை வழிப் பொருளுடையோரே பேராசிரியர் பதவிக்காகப் பல்லாண்டு காத்திருக்க முடிந்தது. சமூகவியலறிஞர் மக்ஸ் வேபர் 1917ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற உரையொன்றில் இந்நிலையை எடுத்துக்காட்டினார். ஜேர்மனியில் ஆய்வுவாழ்வு செல்வத்தை அடிப்படையாகக் கொண்டது என்றும், அமெரிக்காவில் இளம் உதவியாளருக்குச் சிறிதேனும் சம்பளம் உண்டு என்றும் அவர் ஒப்பிட்டார். அத்துடன், பெரிய விஞ்ஞான ஆய்வுகூடங்களில் கருவிகள் யாவும் நிறுவனத்துக்கே உரியனவாதலின், அங்கு வேலை செய்யும் உதவியாளர் ஆலைத் தொழிலாளியைப் போலவே தலைவரைச் சார்ந்து வாழவேண்டியவராகிறார் என்றும் அவர் கூறினார். பின்வந்த காலத்தை நோக்குமிடத்து இக்கூற்றின் கூர்மை விளங்கும்.

இங்கிலாந்து வேறொரு வழியிற் சென்றது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சி ஏறத்தாழ 1,86,000 பவுண் இலாபம் தந்தது. அதனைப் பரிபாலித்த அரச ஆணைக்குழு 1891 தொடக்கம் பிரித்தானியப் பேரரசின் பல்கலைக் கழகங்களிற் பயின்றோர்க்கு விஞ்ஞான ஆராய்ச்சிப் புலமைப் பரிசில்களை வழங்கியது. நியூசிலாந்துக் கமக்காரக் குடும்பத்திற் பிறந்த ஏர்னஸ்ற் றதபோட் 1895இல் ஆண்டுக்கு 150 பவுண் கொண்ட இப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். வெளிப் பல்கலைக் கழகப் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொள்ளக் கேம்பிரிட்ஜ் இசைந்ததும் அதே ஆண்டிலேயாம். இவ்விரு கதவுகளும் ஒருங்கே திறந்திராவிடின் அணுவின் உட்கருவைக் கண்ட அறிஞர் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தின் வாயிலை மிதித்திருத்தல் அரிது.

சென்னையும் கேம்பிரிட்ஜும்

இவ்வரலாற்றிலே தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராயிருந்தவர். பல்கலைக் கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். அவர்தம் கணிதத் திறமையை அறிந்தோர் பரிந்துரைத்ததன் பயனாகச் சென்னைப் பல்கலைக் கழகம் 1913ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் மாதம் 75 ரூபாவாக இரண்டாண்டுகளுக்கு ஓர் ஆராய்ச்சிப் புலமைப் பரிசிலை அவருக்கு அளித்தது. மும்மாதத்துக்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை அளித்தல் ஒன்றே அவர்மீது விதிக்கப்பட்ட கடமை. பட்டமில்லாதவருக்கு விதியைத் தளர்த்தி இடமளித்த அச்செயல் எந்தப் பல்கலைக் கழகத்துக்கும் பெருமை தருவதாகும். 1918இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி அவரைத் தன் 'பெலோ' ஆகத் தெரிந்தெடுத்தது.

அக்கல்லூரி அதே மதிப்பை அளித்த இரண்டாவது இந்தியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர் 1933இற் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலே திரினிற்றியின் பெலோ ஆனார். அப்பதவி அவருக்கு உணவும் உறையுளும் ஊதியமும் தந்தது. அதனோடு, எந்தப் பேராசிரியருடைய திட்டத்துக்கும் கட்டுப்படாத உரிமையையும் தந்தது. வெண்குறு விண்மீன் ஒன்று தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் தம் முடிவை அவர் 1935 சனவரியில் அரச வானியற் சங்கத்தில் எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற வானியலறிஞரான ஆதர் எடிங்ரன் அதனை அவையறிய எள்ளி மறுத்தார். எடிங்ரனின் திட்டத்தில் ஊதியம் பெறும் உதவியாளராகச் சந்திரசேகர் இருந்திருப்பின், அம்முடிவை அவர் அவையில் வாசித்திருத்தலே கடினம். 1983ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் உண்மையை நிலைநாட்டியது.

1919ஆம் ஆண்டின் தீர்மானம்

முதலாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க விஞ்ஞானிகள் முன்னே ஒரு முக்கிய வினா எழுந்தது. பௌதிக, இரசாயன ஆராய்ச்சியை வளர்க்க விரும்பிய றொக்பெல்லர் நிதியம், அதற்கெனத் தனியான ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் அமைக்கலாமா என உசாவியது. றொபேட் மில்லிக்கன் முதலியோர் அதற்கு இசையவில்லை. ஆராய்ச்சியையும் போதனையையும் பிரித்தால் இரண்டும் நலியும். ஆதலால், இளம் ஆய்வாளருக்கு உதவி நிதி அளித்து, அவர்கள் விரும்பும் பல்கலைக் கழகத்திலே வேலை செய்ய விடுதலே நன்று என அவர்கள் வாதித்தனர். அவ்வாதமே வென்றது. 1919இல் றொக்பெல்லர் நிதியம் ஐந்தாண்டுகளுக்கு 5,00,000 டொலரை ஒதுக்க, தேசிய ஆராய்ச்சிக் கழகம் கலாநிதிப் பட்டம் பெற்றோர்க்கான உதவி நிதியைப் பௌதிகத்திலும் இரசாயனத்திலும் தொடங்கியது. பின்னர் அது மருத்துவம், உயிரியல், கணிதம் ஆகிய துறைகளுக்கும் விரிந்தது.

இத்தீர்மானத்தின் பயன் விரைவிலே தெரிந்தது. முதலில் இந்நிதியைப் பெற்றோருள் ஒருவரான ஆதர் கொம்ரன் கவெண்டிஷ் ஆய்வுகூடம் சென்று மீண்டார். றொபேட் ஒப்பன்ஹைமர் 1927இல் கெற்றிங்கனிற் கலாநிதியாகி, இதே உதவியால் ஹார்வாட்டிலும் கலிபோர்ணியாவிலும் ஆராய்ந்தார். ஐரோப்பிய இளைஞருக்கென 1923இல் நிறுவப்பட்ட சர்வதேசக் கல்விச் சபையும் றொக்பெல்லர் பொருளாலேயே நடந்தது. அதன் உதவியால் வேர்ணர் ஹைசன்பேர்க் கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் சென்று தங்கினார். 1925இற் புதிய சத்திச்சொட்டுப் பொறியியல் பிறந்தபோது, அதனைப் படைத்தோரும் பரப்பினோரும் இருபது, முப்பது வயதினரான இளைஞர். ஊர் விட்டு ஊர் சென்று ஒருவரோடொருவர் வாதிட்டவர். அவர்களுடைய பயணச் செலவை ஏற்றது இத்தகைய உதவி நிதியே.

கலைத்துறைகள் இவ்வளவு வேகமாக முன்னேறவில்லை. எனினும், 1925இல் தொடங்கிய குகன்ஹைம் நிதியம் விஞ்ஞானி, வரலாற்றாசிரியர், கவிஞர் என்ற வேறுபாடின்றி உதவியது. 1933இல் ஹார்வாட் பல்கலைக் கழகத்தின் தலைவர் லோரன்ஸ் லொவெல் தம் சொந்தப் பொருளைக் கொண்டு 'பெலோக்கள் சங்கம்' என்ற அமைப்பை உண்டாக்கினார். இளம் பெலோக்கள் மூன்றாண்டுகளுக்குத் தாம் விரும்பியதை ஆராயலாம். உளவியலறிஞர் ஸ்கின்னரும் தருக்கவியலறிஞர் குவைனும் முதலாவது அணியில் இடம்பெற்றனர். பின்னர் அங்கு சேர்ந்த தோமஸ் கூன் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவ்வாண்டுகளிலேயே விஞ்ஞான வரலாற்றின் பக்கம் திரும்பினார். விஞ்ஞானப் புரட்சிகள் பற்றி அவர் 1962இல் வெளியிட்ட நூல் பல துறையினரையும் சிந்திக்கச் செய்தது. ஒரு துறையிற் பயின்றவர் வேறொரு துறைக்குள் அச்சமின்றிப் புகுவதற்கு இவ்விடைக்காலமே தகுந்த வேளை என்பதற்கு அவர் ஒரு சான்று.

போருக்குப் பின் நேர்ந்த மாற்றம்

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை அடியோடு மாற்றியது. 1945 யூலையில் வனிவார் புஷ் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அமெரிக்க அரசாங்கமே ஆராய்ச்சியின் பெரும் புரவலராயிற்று. 1950இல் தேசிய விஞ்ஞான நிதியம் உருவாயிற்று. அரசாங்கப் பணம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆராய்ச்சித் திட்டங்களுக்கென, அத்திட்டத்தை முன்வைத்த பேராசிரியரிடம் வழங்கப்பட்டது. அவர் அப்பணத்திலிருந்து ஆய்வாளரை அமர்த்தினார். ஆகவே, முன்னர்த் தம் பெயரால் நிதி பெற்றுத் தாம் விரும்பிய இடம் சென்ற இளைஞர், இப்பொழுது பேராசிரியர் ஒருவரின் திட்டத்துக்குள் ஊதியம் பெறுபவராயினர். பெயர் ஒன்றே, நிலை வேறு. பின்கலாநிதிப் பதவியின் வரலாற்றிலே இதனிலும் பெரிய திருப்பம் வேறில்லை எனலாம்.

இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள இழுபறியை மரபணுப் பொருளான டி.என்.ஏ.யின் கட்டமைப்பு ஆராயப்பட்ட காலத்தில் தெளிவாகக் காணலாம். ஜேம்ஸ் வாட்சன் 1950இற் கலாநிதியாகி, உயிர்இரசாயனம் பயில்வதற்கென உதவி நிதி பெற்றுக் கோப்பன்ஹேகன் சென்றார். அங்கு மனம் பற்றாமையால் 1951இல் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். நிதி வழங்கிய குழு அதனை விரும்பவில்லை. அவ்வாண்டு சனவரியில் றோசலின்ட் பிராங்கிளின் மூன்றாண்டு ஆராய்ச்சிப் பதவி பெற்று இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்திருந்தார். டி.என்.ஏ. பற்றிய ஊடுகதிர் ஆராய்ச்சி அவர் பொறுப்பில் விடப்படும் என்ற பொருளில் ஆய்வுகூடத் தலைவர் அவருக்கு எழுதியிருந்தார். அதே பொருளில் ஏற்கெனவே உழைத்துவந்த மொறிஸ் வில்கின்சுக்கு அச்செய்தி தெரிவிக்கப்படவில்லை. ஒருவர் பிராங்கிளினைத் துணையாளர் என எண்ண, பிராங்கிளினோ தம்மைத் தனி ஆய்வாளர் என அறிந்திருந்தார். பதவியின் எல்லை தெளிவாக வரையறுக்கப்படாமையால் விளைந்த அப்பிணக்கு, 1953இல் அவர் அக்கல்லூரியை விட்டு நீங்குதற்கு ஒரு காரணமாயிற்று. அவர் 1958இல் மறைந்தார். 1962இல் நோபெல் பரிசு மற்றையோர் மூவருக்கு வழங்கப்பட்டது.

கீழைத்தேயத்தவரின் அநுபவம் இன்னும் கடினமானது. ஹர்கோவிந்த் கொரானா 1948இல் லிவர்பூலிற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், சூரிச் நகரத்தில் ஊதியமின்றித் தம் சேமிப்பைக் கொண்டே ஓராண்டளவு ஆராய்ந்தார். தாயகம் திரும்பியபோது தகுந்த வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் அவருக்கு இடமளித்தது. 1968இல் நோபெல் பரிசு பெற்ற அவர், 1970இல் மரபணு ஒன்றைச் செயற்கையாக ஆக்கி முடித்தபோது, அவரைச் சூழ்ந்து உழைத்தோர் பல நாடுகளிலிருந்து வந்த பின்கலாநிதி ஆய்வாளரேயாவர்.

சிதம்பரத்தில் 1952இற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் வரலாறும் இவ்வகையினதே. ஓகையோ பல்கலைக் கழகத்தில் 1976இல் பௌதிகக் கலாநிதியான அவர், உயிரியல் கற்பதற்காக மறுபடியும் மாணவராகி ஈராண்டு பயின்றார். 1978இல் யேல் பல்கலைக் கழகத்திற் பின்கலாநிதி ஆய்வாளராகச் சேர்ந்து றைபோசோமை ஆராயத் தொடங்கினார். அதன்பின் ஏறத்தாழ 50 பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிட்டவில்லை. தேசிய ஆய்வுகூடங்களிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. யேலிற் பற்றிய அப்பொருளை விடாது ஆராய்ந்தமையால் 2009இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

துறைகளிடையே வேறுபாடு

இப்பதவி எல்லாத் துறைகளிலும் ஒரே அளவிற் பெருகவில்லை. பரிசோதனை விஞ்ஞானங்களிலே ஒருவர் செய்யும் வேலை மற்றொருவர் வேலையோடு இணைகிறது. தேர்ச்சி பெற்ற கைகள் அதிகமாக, ஆய்வுகூடத்தின் விளைவும் அதிகமாகும்; ஆதலின், உயிரியலிலும் மருத்துவத்திலும் இப்பதவிகள் மிகப் பெருகின. கணிதத்தில் அவை பெரும்பாலும் போதனையோடு கூடிய சில ஆண்டுப் பதவிகளாயின. வரலாறு, மொழி, மெய்யியல் போன்றவற்றில் ஆய்வாளர் நூலகத்திலே தனித்திருந்து எழுதுபவர். அவரை அமர்த்துவதாற் பேராசிரியரின் நூல் விரைந்து முடிவதில்லை. எனவே, அத்துறைகளிற் பதவிகள் குறைவு. ஆனால், கிடைத்தவர்க்குச் சுதந்திரம் அதிகம். ஹொப்கின்ஸில் ஒரே தட்டில் வைக்கப்பட்ட கிரேக்கமும் இரசாயனமும் இவ்வாறு வெவ்வேறு வழியிற் சென்றன.

உரிமைக் குரல்

1969இல் அமெரிக்காவில் இப்பதவிகள் பற்றி விரிவான அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதற்கு இடப்பட்ட 'கண்ணுக்குப் புலனாகாப் பல்கலைக் கழகம்' என்னும் தலைப்பே நிலைமையை உணர்த்தும். மாணவர் பதிவேட்டிலும் ஆசிரியர் பட்டியலிலும் இல்லாத ஆயிரக்கணக்கானோர் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சியைத் தாங்கிநின்றனர். ஆசிரியப் பதவிகள் பெருகாது கலாநிதிகள் மட்டும் பெருகியமையால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென எண்ணப்பட்ட இடைக்காலம் பலருக்கு நீண்டுகொண்டே சென்றது. ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள், பேராசிரியர் நிதியில் ஊதியம் பெறுபவர் ஊழியராகவும், தம் பெயரால் உதவி நிதி பெறுபவர் ஊழியரல்லாதவராகவும் கணிக்கப்பட்டமையால், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் முதலியவற்றில் வேறுபாடு உண்டாயிற்று.

2003இல் அமெரிக்காவில் தேசிய பின்கலாநிதிச் சங்கம் தோன்றியது. கலிபோர்ணியாப் பல்கலைக் கழகத்து ஆய்வாளர் 2008இல் தொழிற்சங்க அங்கீகாரம் பெற்று 2010இல் முதலாவது உடன்படிக்கையை எய்தினர். 2014இல் வெளியான ஓர் அறிக்கை, இப்பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது எனவும், ஊதியம் ஆண்டுக்கு 50,000 டொலருக்கேனும் உயர்தல் வேண்டும் எனவும் விதந்துரைத்தது. 2022 நவம்பரில் கலிபோர்ணியாவில் ஏறத்தாழ 48,000 கல்வித் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தில் பின்கலாநிதி ஆய்வாளரும் கலந்துகொண்டனர். மக்ஸ் வேபர் 1917இற் கண்ட ஆலைத் தொழிலாளி உவமை ஒரு நூற்றாண்டின் பின் உண்மையாயிற்று எனல் மிகையன்று.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞருக்குச் சில ஆண்டுகள் உணவும் ஓய்வும் உரிமையும் அளிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் அறிவு வளர்ந்தது. அதற்காகச் செலவான பொருளோ சிறிது. சென்னைப் பல்கலைக் கழகம் மாதந்தோறும் கொடுத்த 75 ரூபாவை நினைத்துப் பார்த்தல் போதும். அவ்வுரிமை குறைந்து, உழைப்பு மட்டும் வேண்டப்பட்ட இடங்களிலோ, கண்டுபிடிப்பு நிகழ்ந்தாலும் கண்டவரின் வாழ்வு நிலைபெறவில்லை. பல்கலைக் கழகம் ஒன்றின் உயர்வை அதன் மண்டபங்களாலும் பேராசிரியர்களாலும் அளத்தல் உலக இயல்பு. பட்டம் பெற்றும் பதவி பெறாத இளம் ஆய்வாளரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதையும் அவ்வளவைகளோடு சேர்த்துக்கொள்ளுதல் முறையாகும். கில்மன் 1876இற் கற்பித்த பாடமும் அதுவேயாம்.